மானியப் பட்டியலைக் கேட்கலாமா?

கேள்வி: "சொட்டுநீர்ப் பாசன மானியத்துக்கு மனு கொடுத்து ஒரு வருஷம் ஆகிறது. எனக்குப் பின்னால் கொடுத்தவர்களுக்கு வந்துவிட்டது என்கிறார்கள். பட்டியலைக் கேட்டால், 'அதையெல்லாம் வெளியில் காட்ட முடியாது' என்று அனுப்பிவிட்டார்கள். என்ன செய்வது?"
- வாசகர் ஒருவர், செங்கம்.

பதில்: தாராளமாகக் கேட்கலாம். சொல்லப்போனால், நீங்கள் கேட்காமலே அவர்கள் வெளியிட்டிருக்க வேண்டும். மானியத் திட்டங்களுக்கு ஒதுக்கிய தொகை, பயன் பெற்றவர்கள் விவரம் ஆகியவற்றை ஒவ்வோர் அரசு அலுவலகமும் தானாகவே வெளியிட வேண்டும் என்கிறது, 2005-ம் ஆண்டு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4(1)(பி) பிரிவு.

ஆனால், பட்டியல் வெளியானால் மட்டும் போதாது. அதை ஊரார் படிக்க வேண்டும். ஆண்டுக்கு 6,000 ரூபாய் தரும் பி.எம்.கிசான் திட்டத்தையே பாருங்கள். 2020-ல் நம் திருவண்ணாமலை உட்படப் பல மாவட்டங்களில், தகுதியில்லாத 5 லட்சத்துக்கும் மேற்பட்டோரை இடைத்தரகர்கள் சேர்த்துவிட்டார்கள். போன பணம் சுமார் 110 கோடி ரூபாய். அந்தத் திட்டத்தின் பயனாளிகள் பட்டியல் கிராம வாரியாக இணையதளத்தில் கிடைக்கிறது. யாருக்கு நிலம் இருக்கிறது, யாருக்கு இல்லை என்பது சென்னையைவிட ஊருக்குத்தான் நன்றாகத் தெரியும்.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. உங்கள் வட்டார அலுவலகத்தின் 'பொதுத் தகவல் அலுவலர்' பெயருக்கு வெள்ளைத் தாளில் மனு எழுதி, 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, விரைவுத் தபாலில் அனுப்புங்கள். காரணம் சொல்லத் தேவையில்லை. 'எனக்கு ஏன் தரவில்லை?' என்று கேட்டால் சரியான பதில் வராது. இருக்கும் ஆவணத்தைத்தான் கேட்க வேண்டும். இப்படி எழுதுங்கள்:

1. இந்த நிதியாண்டில் எங்கள் ஊராட்சியில் வந்த சொட்டுநீர் மானிய மனுக்களின் பதிவேட்டு நகல், தேதி வாரியாக.
2. மானியம் பெற்றவர்களின் பெயர், பரப்பு, தொகை.
3. என் மனு இப்போது எந்த நிலையில் உள்ளது என்பதைக் காட்டும் கோப்புப் பக்கங்களின் நகல்.

மற்றவர்களின் ஆதார் எண், வங்கிக் கணக்கு எண்ணைக் கேட்காதீர்கள். 'தனிநபர் விவரம்' என்று மறுக்க அதுவே காரணமாகிவிடும்.

30 நாளுக்குள் பதில் வர வேண்டும். வராவிட்டாலோ, மறுத்தாலோ அடுத்த 30 நாளுக்குள் அதே துறையின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதுங்கள். அங்கும் நியாயம் கிடைக்காவிட்டால் 90 நாளுக்குள் சென்னையிலுள்ள தமிழ்நாடு தகவல் ஆணையத்துக்குப் போகலாம். தக்க காரணமின்றித் தகவல் தராத அலுவலருக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய் வீதம், 25,000 ரூபாய் வரை ஆணையம் அபராதம் விதிக்கலாம். தபால் ரசீதையும் மனு நகலையும் பத்திரமாக வையுங்கள்.

இதே துறையில் இருப்பவன் என்பதால் ஒன்று சொல்கிறேன். பட்டியல் சுவரில் ஒட்டியிருந்தால், சிபாரிசோடு வருபவரிடம் 'வரிசைப்படிதான் ஐயா' என்று அலுவலர் தைரியமாகச் சொல்லலாம். ஆகவே கேட்கத் தயங்காதீர்கள்.

பதில் கையில் வந்ததும் பீரோவில் வைத்துவிடாதீர்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாள்களில் கிராம சபை கூடும். அங்கே பட்டியலை உரக்கப் படியுங்கள். விடுபட்ட தகுதியானவர் யார், தகுதியில்லாமல் நுழைந்தவர் யார் என்று ஊரே சொல்லும். அதைத் தீர்மானமாக எழுதச் சொல்லி, படித்துப் பார்த்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.