மழை ஜலத் தொட்டிக்கு உறுதியான கடைக்கால்

மரக்காணத்து உப்பளங்களுக்குத் தெற்கே பெரிய முதலியார்சாவடி வரையிலுள்ள கடற்கரைக் கிராமங்களில், வீட்டுக்கொரு மழை ஜலத் தொட்டி வேண்டுமா என்பதைப் பற்றி இனி விவாதம் அநாவசியம். கடலோரத்துக் கிணற்றில் நல்ல ஜலத்தின் மட்டம் ஓரடி தாழ்ந்தால், அடியிலிருக்கும் உப்பு ஜலம் சுமார் 40 அடி வரை மேலேறக்கூடும் என்பது சாஸ்திரிகள் கண்ட கணக்கு. மேட்டுச் செம்மண் பூமியில் மோட்டார் வைத்து இறைக்கும் நிலச்சுவான்தார்களும் இதை நினைவில் வைப்பது நலம். 2003-ஆம் ஆண்டில் இராஜ்யமெங்கும் கட்டடங்களுக்கு மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டதும், பெரும்பாலோர் ஜலத்தைப் பூமிக்குள் இறக்கும் குழியோடு திருப்தியடைந்தனர். குழி நல்லதே. ஆனால் வைகாசி மாதத்தில் குடத்தை நிரப்புவது தொட்டிதான்.

ஐந்து பேருள்ள குடும்பத்துக்குக் குடிக்கவும் சமைக்கவும் நாளொன்றுக்கு 25 லிட்டர் என்று கொண்டால், தை முதல் புரட்டாசி வரையிலான ஒன்பது மாதங்களுக்கு ஏறக்குறைய 6,750 லிட்டர் வேண்டும். எட்டடி விட்டமும் ஆறடி உயரமுமுள்ள வட்டத் தொட்டி 8,500 லிட்டர் கொள்ளும், அது போதும். தொட்டி கட்ட முற்படும் குடியானவர் கேட்பவை இரண்டே கேள்விகள்: எத்தனை லிட்டர் கொள்ளும்? என்ன செலவாகும்? அது எதன்மேல் நிற்கப் போகிறது என்ற மூன்றாவது கேள்வி கொத்தனாரிடம் விடப்படுகிறது. அவரோ கொடுத்த பணத்துக்குள் கண்ணுக்குத் தெரியும் வேலையையே நன்றாகச் செய்வார். இம்முறை தலைகீழாக மாற வேண்டும். பணம் குறைவானால் தொட்டியின் உயரத்தில் ஓரடியைக் குறைக்கலாமே தவிர, கடைக்காலில் ஓர் அங்குலமும் குறைக்கலாகாது.

நிறைந்த தொட்டியின் ஜலம் மாத்திரம் எட்டரை டன் பாரம் என்றதும் பலர் மலைக்கிறார்கள். சதுர அடிக்குக் கணக்கிட்டால் அது 170 கிலோதான். அறுபது கிலோ எடையுள்ள ஒருவர் நடக்கும்போது ஒற்றைப் பாதம் மணலை இதைவிட அதிகமாகவே அழுத்துகிறது. பேதம் என்னவெனில், பாதத்தின் அழுத்தம் ஒரு சாண் ஆழத்துக்குள் பெரும்பாலும் அடங்கிவிடும். எட்டடி அகலத் தொட்டியின் அழுத்தம் எட்டடி ஆழத்துக்கும் கீழே உணரப்படும். ஆகவே மேல்மண் கெட்டியாயிருப்பதைக் கண்டு ஏமாறக் கூடாது. தூர்த்த பழைய எருக்குழி, அழுகும் பனந்தூர், எலிவளை இவற்றின்மேல் தொட்டியின் ஒரு பாதி அமைந்தால் அப்பாதி மட்டும் இறங்கும். தொட்டி சமமாக ஓர் அங்குலம் இறங்கினாலும் பெரிய சேதமில்லை. ஒரு பக்கம் மட்டும் அரை அங்குலம் இறங்கினால் சுவர் விரியத் தொடங்கும்.

ஆகையால் இடத்தை நிச்சயிக்குமுன் கடப்பாரையால் நான்கைந்து இடங்களில் குத்திப் பார்ப்பது அவசியம். கரையோரத்து மணலில் பூக்கலான மேல்மண்ணை ஒன்றரை அடிக்குக் குறையாமல் அகற்றி, தொட்டியைவிடச் சுற்றிலும் ஓரடி அகலமாகக் குழி எடுத்து, உப்பில்லாத ஆற்று மணலையோ செம்மண் கிராவலையோ அரையடிக் கனமாகப் பரப்பி, ஒவ்வொரு பரப்புக்கும் ஜலம் தெளித்துத் திமிசு போட வேண்டும். ஒரே தடவையில் கொட்டி மேலே தட்டிவிடுவதில் பயனில்லை. மரக்காணத்து உப்பளத்தார் பாத்தியின் தரையை மிதித்துக் கெட்டிப்படுத்தாமல் உப்பு ஜலம் ஏற்றுவதில்லை. அந்தச் சிரத்தை வீட்டுத் தொட்டிக்கு ஏன் வரவில்லையோ! கழுவெளிப் பக்கத்துக் களிமண்ணில், கோடையில் வெடிப்பு இறங்கும் ஆழத்துக்கும் கீழே போக வேண்டியிருக்கும். அங்கே செலவு கூடும்.

கெட்டித்த படுகையின்மேல் நாலு அங்குல ஜல்லிக் கான்கிரீட்டும், அதற்கு மேல் கம்பி கட்டிய தளமும் போடுவது வழக்கம். இக்கரையில் தவறு நேருமிடம் கம்பிதான். கடல் மணலும் உவர்க்கிணற்று ஜலமும் கலவையில் சேர்ந்தால், உள்ளிருந்தே துருப் பிடித்துத் தளம் பொருக்கு விடும். கம்பிக்கும் வெளிமுகத்துக்கும் இடையே இரண்டு அங்குலக் கான்கிரீட் இருக்கட்டும். தளத்தைப் பத்து நாள் நனைக்கவும் நல்ல ஜலமே வேண்டும்.

குழாயின் கீழே குடம் வைப்பதற்காகத் தொட்டியை இரண்டடி மேடையின்மேல் ஏற்றுவது இப்போதைய மோஸ்தர். ஓரத்தில் செங்கற்சுவர் எழுப்பி, உள்ளே கட்டட இடிசலைக் கொட்டி, மேலே பூசிவிடுகிறார்கள். இதைவிட மோசமான கடைக்கால் வேறில்லை. தொட்டியைத் தாழ்வாகவே வைத்து, குழாயருகே குடம் இறங்கும் அளவுக்கு ஒரு பள்ளம் கட்டிக்கொள்வது செலவும் குறைவு, பயமும் குறைவு.

எல்லாவற்றையும் சரியாகச் செய்தபின்னும் கடைக்காலைக் கெடுக்கக்கூடியது அத்தொட்டியின் உபரி ஜலமே. 2024 நவம்பர் 30-ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறியபோது, அவ்வூரில் ஒரு நாளில் சுமார் 48 சென்டிமீட்டர் மழை பெய்தது. 600 சதுர அடிக் கூரையில் அது 25,000 லிட்டருக்கு மேல். மேற்சொன்ன தொட்டி காலியாயிருந்தாலும் மூன்றில் ஒரு பங்கே தங்கும். மிச்சம் சுவரோரமாக வழிந்தால் அடியிலுள்ள மணலை ஓரிரவில் அரித்துவிடும். உபரிக் குழாய், வரும் குழாயைவிடச் சிறியதாயிருக்கலாகாது. அதன் முனை பத்தடிக்கு அப்பாலுள்ள சேகரிப்புக் குழியில் சேர வேண்டும். சட்டம் கேட்கும் குழிக்கும் அங்கே வேலை கிடைக்கும்.

கிராம நிர்வாக அலுவலர்களும் ஊராட்சித் தலைவர்களும் தொட்டி முடிந்து வெள்ளையடித்தபின் பார்வையிடுவதைக் காட்டிலும், குழி திறந்திருக்கும் நாளில் வருவதே சிலாக்கியம். அன்று பார்க்கத் தவறியதைப் பிறகு யாராலும் பார்க்க முடியாது. வேலையை ஆனிக்குள் முடித்துக்கொள்வது உத்தமம். முதல் மழையில் தொட்டியை மூன்றில் ஒரு பங்கு நிரப்பி, சுற்றிலும் நான்கு இடங்களில் முன்பே குறித்த மட்டத்தை நான்கைந்து நாள் கழித்து ட்யூப் மட்டத்தால் சரிபார்த்து, பேதமில்லையென்று கண்டபின் மிச்சத்தையும் நிரப்பலாம்.