வாயைக் கட்டச் சொல்லும் வாய்களுக்கு...

"கொஞ்சம் வாயைக் கட்டினா தானா இளைச்சிடுவே." குண்டாக இருக்கும் யாரைப் பார்த்தாலும் நம்மாட்கள் இலவசமாக வழங்கும் அறிவுரை இது. சொல்கிறவர்களுக்குத்தான் இந்தப் பதிவு. படித்துவிட்டு தாராளமாகத் திட்டுங்கள் :-)

நான் படிப்பது பி.காம். அதனால் கணக்கிலிருந்தே ஆரம்பிக்கிறேன். சாப்பிடும் கலோரி வரவு, எரியும் கலோரி செலவு, மிச்சம் தொப்பை. கணக்கு சரிதான். ஆனால் எவ்வளவு வந்தது என்றுதான் லெட்ஜர் சொல்லும், ஏன் வந்தது என்று சொல்லாது.

அந்த 'ஏன்' மூளையில் இருக்கிறது. உடம்பின் கொழுப்பு, லெப்டின் என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. "இருப்பு போதும்" என்று மூளைக்குப் போகும் தகவல் அது. ஹைப்போதலாமஸில் கைமாறி, எம்சி4ஆர் என்ற ஏற்பியை அது எட்டினால்தான் பசி அடங்கும். அந்த ஏற்பிக்கான ஜீனில் பிழை இருந்தால்? தகவல் வரும், வாங்க ஆளிருக்காது. எவ்வளவு சாப்பிட்டாலும் பசிக்கும்.

கதை விடுகிறேன் என்று நினைக்காதீர்கள். சின்ன வயதிலேயே மிக அதிக எடை போட்ட 500 பேரைப் பரிசோதித்து, 2003-ல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் முடிவை வெளியிட்டார்கள். 29 பேருக்கு இந்த ஜீனில் பிழை. சாப்பாடு வைத்துப் பார்த்தபோது, ஏற்பி முழுக்கச் செயலிழந்தவர்கள் அதிகம் சாப்பிட்டார்கள். ஓரளவு வேலை செய்தவர்கள் அவர்களைவிடக் குறைவாகச் சாப்பிட்டார்கள். ஆக, தட்டின் அளவைத் தீர்மானித்தது பேராசை அல்ல, ஏற்பி.

"எங்கேயோ அபூர்வமா இருக்கும்ப்பா" என்பீர்கள். இங்கிலாந்தின் பிரிஸ்டல் பகுதியில் பிறந்தவர்களிடம் நடத்தி 2021-ல் வெளியான ஆய்வில், சுமார் 340 பேரில் ஒருவருக்கு இந்தப் பிழை. 18 வயதில் அவர்கள் மற்றவர்களைவிடச் சராசரியாக 17 கிலோவுக்கு மேல் அதிக எடை! இதே ஏற்பி கூடுதலாக வேலை செய்யும்படி பிறந்தவர்களும் உண்டு. அவர்கள் குண்டாகும் வாய்ப்பு குறைவு என்று 2019-ல் தெரியவந்தது. ஒல்லியாக இருப்பதைச் சாதனையாகப் பீற்றிக்கொள்பவர்களே, உங்களில் சிலருக்கு அது பிறப்பிலேயே வந்த மானியம்!

"அப்ப தாத்தா காலத்துல ஏன் இவ்வளவு பேர் குண்டா இல்லை?" நியாயமான கேள்வி. ஜீன் மாறவில்லை, சாப்பாடு மாறிவிட்டது. ஆனால் அதே சாப்பாட்டில் யார் ஊதுகிறார், யார் ஊதவில்லை என்பதில் ஜீனுக்குப் பெரிய பங்கு உண்டு. பெரும்பாலானோருக்கு ஒரே பெரிய பிழை இல்லை, சின்னச் சின்ன மாறுபாடுகள் பல. அதனால் நடைப்பயிற்சி வீண் என்று சொல்லவில்லை. திட்டுவது வீண் என்கிறேன்.

லெப்டின் ஏற்பி பழுதானவர்களுக்காக 2020-ல் அமெரிக்காவில் செட்மெலனோடைடு என்ற ஊசி மருந்து அனுமதிக்கப்பட்டது. அது எம்சி4ஆரை நேரடியாகத் தூண்டுகிறது. பசி குறைகிறது, எடை இறங்குகிறது. ஊசி போட்ட அன்றைக்கு அவர்களுக்குத் திடீரென்று ஒழுக்கம் வந்துவிட்டதா என்ன?

சர்க்கரை நோயாளியிடம் போய் "கொஞ்சம் மனசு வச்சு இன்சுலின் சுரந்துக்கோ" என்று சொல்வோமா? இதையும் சொல்லாதீர்கள்.