விரிசலைப் பெரிதாக்கினால்தான் அடைபடும்

பழைய ஃபைபர் படகு வாங்குகிறவர்கள் முதலில் பார்ப்பது இயந்திரத்தை. எத்தனை குதிரைசக்தி, எந்த வருடம், ஒரே இழுப்பில் கிளம்புகிறதா என்றுதான் கேட்பார்கள். அடியில் குனிந்து பார்ப்பவர்கள் குறைவு. இயந்திரம் நடுவழியில் நின்றால் நங்கூரத்தைப் போட்டுவிட்டு யாரையாவது தொலைபேசியில் கூப்பிடலாம். அடி பிளந்தால் அந்த அவகாசம் கிடைக்காது.

பந்திங் பக்கம் மாமன் மச்சான் முறையான இரண்டு இளைஞர்கள் கூட்டாக 16 அடிப் படகு ஒன்று வாங்கியிருக்கிறார்கள். இருவருக்கும் அலுவலக வேலை. வார இறுதியில் லங்காட் ஆற்று முகத்துவாரத்தில் தூண்டில் போட வேண்டும், பிள்ளைகளையும் கூட்டிப் போக வேண்டும் என்பது திட்டம். ஒருமுறை வந்து பாருங்கள் என்றார்கள், போனேன். மேலே வெயிலில் வெளுத்துக் கிடந்த படகுக்கு அடியில் மட்டும் பளபளவென்று புது நீலச் சாயம். எனக்கு அங்கேயே சந்தேகம் தட்டிவிட்டது.

ஸ்குரூடிரைவரின் கைப்பிடியால் அடி முழுவதும் தட்டிக்கொண்டே வந்தேன். 50 காசு நாணயம் இருந்தாலும் போதும். கெட்டியான இடம் 'டக் டக்' என்று பதில் சொல்லும். அடுக்குகள் பிரிந்த இடமோ, நீர் இறங்கிய இடமோ 'பொத்'தென்று அமுங்கிப் பேசும். நடுப்பகுதியில் ஓர் உள்ளங்கை அகலத்துக்கு அந்தச் சத்தம். சாயத்தைச் சுரண்டினோம், உள்ளே கார் பட்டறைப் புட்டி. அதையும் எடுத்தபோது 5 சென்டிமீட்டர் நீளத்துக்கு ஒரு விரிசல்.

கார் புட்டி கதவில் விழுந்த ஒடுக்கை நிரப்புவதற்கு உண்டானது. தண்ணீரிலேயே கிடக்கும் இடத்தில் அது ஈரத்தை உறிஞ்சும். அதில் இழையும் இல்லை, ஆகவே பலமும் இல்லை. விற்கிற அன்றைக்குக் கண்ணை மறைக்க மட்டும் உதவும்.

"எபோக்சி புட்டி வாங்கி வைத்து அடைத்துவிட்டால் போதாதா, அண்ணே?" என்று மச்சான் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் படகின் பலம் கண்ணாடி இழையில் இருக்கிறது. பிசின் அந்த இழைகளைச் சேர்த்துப் பிடித்திருக்கிறது, அவ்வளவுதான். அறுந்த இழைகளின் இரண்டு பக்கத்தையும் புது இழை எட்டிப் பிடிக்க வேண்டும். எட்டிப் பிடிக்க இடம் வேண்டும். அந்த இடத்துக்கு ஒரு கணக்கு உண்டு. அடியின் கனத்தைப் போல் 12 மடங்கு தூரத்துக்குச் சுற்றிலும் சரிவாகத் தேய்க்க வேண்டும். இவர்கள் படகின் அடி 6 மில்லிமீட்டர். ஒவ்வொரு பக்கமும் 72 மில்லிமீட்டர் சரிவு. ஆக, 5 சென்டிமீட்டர் விரிசலுக்கு ஏறக்குறைய 20 சென்டிமீட்டர் அகலப் பள்ளம்!

கிரைண்டரைக் கையில் எடுத்தவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் பின்வாங்குகிறார்கள். நல்ல ஃபைபரைத் தேய்த்து எடுக்க மனம் வருவதில்லை. மாமன்காரர் இரண்டு முறை கணக்கைத் திருப்பிப் போட்டுப் பார்த்தார். பிறகு அவரே கிரைண்டரை எடுத்தார். முகமூடியும் கண்ணாடியும் நீளக்கைச் சட்டையும் போட வைத்தேன். அந்தத் தூள் தோலில் பட்டால் ராத்திரி முழுக்க அரிப்பு; நெஞ்சுக்குள் போனால் அதைவிட மோசம். தேய்ப்பதற்கு முன்பே அசிட்டோன் நனைத்த துணியால் மெழுகையும் எண்ணெயையும் துடைத்துவிட வேண்டும். இல்லையென்றால் அந்த அழுக்கையே தேய்த்து உள்ளே அனுப்புகிறோம்.

இதற்கிடையில் விரிசல் ஏன் வந்தது என்று தேடினோம். பாறையும் இல்லை, கட்டையும் இல்லை. டிரெய்லரின் ரப்பர் உருளை ஒன்று உடைந்து, அதன் இரும்புத் தண்டு நேராக அந்த இடத்தில் குத்திக்கொண்டிருந்தது. அதை மாற்றாமல் படகைச் சரிசெய்தால், அடுத்த வருடம் இதே இடத்தில் இன்னொரு விரிசலைப் பார்க்கலாம்.

பிறகு காயவிட வேண்டும். நம் ஊர் ஈரத்தில் இது பொறுமையைச் சோதிக்கும் கட்டம். நல்ல தண்ணீரில் உப்பைக் கழுவி, கூரைக்குக் கீழே, காற்றாட நாள்கணக்கில் விட வேண்டும். காய்ந்துவிட்டதா என்று பார்க்க, தெளிவான பிளாஸ்டிக் தாளை அந்த இடத்தின்மேல் நான்கு பக்கமும் டேப் ஒட்டி மூடுங்கள். மறுநாள் உள்பக்கம் பனி பூத்திருந்தால் ஈரம் இன்னும் இருக்கிறது என்று அர்த்தம்.

பிசினில் பாலியெஸ்டர் மலிவு. பெரும்பாலான படகுகள் அதில் வார்த்தவைதான். ஆனால் இறுகிப்போன பழைய அடியின்மேல் எபோக்சி பிடிக்கும் பிடி பாலியெஸ்டருக்கு வராது. நீர்மட்டத்துக்குக் கீழே என்றால் நான் எபோக்சிக்குத்தான் காசு செலவழிக்கச் சொல்வேன். பாலியெஸ்டரில் பழகியவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அதில் ஹார்டனரை 1 முதல் 2 விழுக்காட்டுக்குள் கூட்டிக் குறைக்கலாம். எபோக்சியில் டின்னில் போட்ட அளவு போட்ட அளவுதான். சீக்கிரம் இறுகட்டும் என்று கொஞ்சம் அதிகம் ஊற்றினால் கடைசிவரை பிசுபிசுப்பாகவே நிற்கும். கொஞ்சம் கொஞ்சமாக, அகலமான தட்டில் கலக்குங்கள். மதிய வெயிலில் ஒரு குவளை நிறையக் கலந்து வைத்தால், தூரிகையை எடுப்பதற்குள் சூடேறிப் புகைந்துவிடும். துணியும் எபோக்சிக்கு ஏற்ற நெய்த துணியாக இருக்கட்டும். கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் மேட், பாலியெஸ்டருக்குப் பொருந்தும் சரக்கு.

முதலில் பெரிய துண்டு, அதன்மேல் படிப்படியாகச் சிறியவை. சின்னதிலிருந்து பெரியதுக்குப் போகும் பட்டறைக்காரர்களும் உண்டு. அவர்களோடு நான் சண்டைக்குப் போவதில்லை. பெரிய துண்டு முதலில் போனால் சரிவு முழுவதையும் ஒரே துணி பிடித்துக்கொள்கிறது என்பது என் எண்ணம். பழைய கனம் வரும்வரை அடுக்கி, ஒவ்வொரு அடுக்கிலும் காற்றுக் குமிழிகளை உருளையால் ஓட்டி எடுக்க வேண்டும்.

இறுகிய எபோக்சியின்மேல் மெழுகு மாதிரி ஒரு படலம் பூப்பது உண்டு. ஈரக் காற்றில் அது இன்னும் அதிகம். தண்ணீர் விட்டு நன்றாகத் தேய்த்துக் கழுவாமல் சாயம் பூசினால் உரிந்து வரும். சாயம் பூசாமலும் விடக்கூடாது, வெயில் எபோக்சியைத் தின்றுவிடும்.

ஒரு வாரமாவது இறுகவிட்டு, முதல் ஓட்டத்தை ஆற்றிலேயே வைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன். பெரியவர்கள் இருவர் மட்டும், பாதுகாப்பு அங்கியோடு. தரைப் பலகையின் மூடியைத் திறந்து வைத்து, கால் மணிக்கொரு முறை உள்ளே டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். தண்ணீர் இல்லை என்றால், பிள்ளைகளின் முறை அதற்கு அடுத்த ஞாயிறு.