ஏற்றுமதி வேறு, பதிவு வேறு

வீட்டு வீடியோவை வெட்டி ஒட்டித் தொகுக்கும் மென்பொருள் எதை எடுத்தாலும், கடைசிப் பொத்தானுக்கு 'எக்ஸ்போர்ட்' என்றுதான் பெயர் வைத்திருக்கிறார்கள். எங்கள் வீரசோழன் பக்கம் ஏற்றுமதி என்றால் முண்டு வத்தல் மூட்டைதான் ஞாபகத்துக்கு வரும். அந்தப் பொத்தானை அழுத்தியதும் ஒரு பட்டியல் திறக்கிறது. யூடியூபுக்கா, ஃபேஸ்புக்குக்கா, கைபேசிக்கா, டி.வி.டி.க்கா என்று கேட்கிறது. எல்லாமே 'எங்கே அனுப்புகிறாய்?' என்ற ஒரே கேள்விதான். 'இதை யார், எத்தனை வருஷம் கழித்துப் பார்க்கப் போகிறார்கள்?' என்று எந்த மென்பொருளும் கேட்பதில்லை. அதை நாம்தான் கேட்டுக்கொள்ள வேண்டும் என்பது என் கட்சி.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். பிரெஞ்சில் 'அன்ரெஜிஸ்த்ரே' என்று ஒரு வினைச்சொல் உண்டு. பத்திரத்தைப் பதிவு செய்வதற்கும், குரலை ஒலிப்பதிவு செய்வதற்கும், கணினியில் கோப்பைச் சேமிப்பதற்கும் அந்த ஒரே சொல்தான். நம் தமிழிலும் 'பதிவு' அப்படித்தான் இருக்கிறது. பத்திரப் பதிவு, ஒலிப்பதிவு, பதிவறை என்று எல்லாம் ஒரே வேரில் நிற்கின்றன. ஏற்றுமதி என்பது வேறு. அது சரக்கை வெளியே அனுப்புவது. வீட்டில் வைத்துக்கொள்வதற்குப் பதிவு, வெளியே அனுப்புவதற்கு ஏற்றுமதி என்று ஒவ்வொரு வீடியோவுக்கும் இரண்டு பிரதி எடுக்க வேண்டும். பெரும்பாலான வீடுகளில் இரண்டாவது மட்டும்தான் நடக்கிறது.

அதனால் என்ன நஷ்டம்? எங்கள் தெருவில் ஒரு அம்மா காலமானார். மகன் வெளிநாட்டில் இருப்பவர். தன் கல்யாண வீடியோவில் அம்மா வரும் இடம் வேண்டுமென்று கேட்டார். வீட்டில் தேடியதில் அகப்பட்டது யாரோ யாருக்கோ கைபேசியில் அனுப்பி, அவர் இன்னொருவருக்கு அனுப்பி, நாலு கை மாறி வந்த சின்னப் பிரதி. குரல் கேட்கிறது, சேலையின் நிறம் தெரிகிறது, முகம் இருக்க வேண்டிய இடத்தில் கட்டம் கட்டமாக ஏதோ அசைகிறது. கேசட்டில் பூஞ்சை பிடித்து எப்போதோ எறிந்துவிட்டார்கள். அந்த மகன் அந்தக் கட்டங்களைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

இது ஏழை வீட்டுக் கதை மட்டும் என்று எண்ண வேண்டாம். காரைக்குடிக்குப் பக்கத்துக் கோட்டையூர்க்காரர் ஏ.கே. செட்டியார், காந்தியைப் பற்றி ஆவணப்படம் எடுக்க உலகமெல்லாம் அலைந்தார். 30 ஆண்டுக் காலத்தில் ஏறக்குறைய 100 ஒளிப்பதிவாளர்கள் எடுத்திருந்த 50,000 அடி படச்சுருளைச் சேகரித்து, 1940-இல் தமிழ் விவரணையோடு படத்தை வெளியிட்டார். அந்த முழுத் தமிழ்ப் படம் இன்று நம் கையில் இல்லை. 1953-இல் அமெரிக்காவில் ஆங்கிலத்தில் சுருக்கி வெளியிட்ட பதிப்பின் பிரதியைத்தான், பல்லாண்டு கழித்து ஓர் அமெரிக்கப் பல்கலைக்கழகத்திலிருந்து ஆய்வாளர் ஆ.இரா. வேங்கடாசலபதி தேடிக் கண்டெடுத்தார். ஏற்றுமதி செய்த சுருக்கம் பிழைத்தது, பதிவு போய்விட்டது. அவ்வளவு பெரிய உழைப்புக்கே இந்தக் கதி என்றால் நம் வீட்டுக் கல்யாணக் கேசட் எம்மாத்திரம்?

அரசு அலுவலகத்தில் வேலை பார்த்தவர்களுக்கு நான் சொல்வது உடனே புரியும். ஒரு கோப்பை முடிக்கும்போது அது ஆர்.டிஸ்., டி.டிஸ்., கே.டிஸ்., எல்.டிஸ். இவற்றில் எந்த வகை என்று குறிப்போம். ஆர்.டிஸ். நிரந்தரமாகப் பதிவறையில் இருக்கும். டி.டிஸ். பத்து வருஷம், கே.டிஸ். மூன்று வருஷம், எல்.டிஸ். ஒரு வருஷம். நிலம் சம்பந்தப்பட்ட கோப்பை யாராவது எல்.டிஸ். என்று முடித்தால் மேலாளர் சும்மா விடுவாரா? வீட்டு வீடியோவில் நாம் அதைத்தான் தினமும் செய்துகொண்டிருக்கிறோம். பிறந்தநாளுக்குக் கேக் வெட்டியது எல்.டிஸ். ஆகலாம். பாட்டி உட்கார்ந்து குலதெய்வக் கதை சொன்னது ஆர்.டிஸ்.

இனி அமைப்புகளுக்கு வருகிறேன். பட்டியலில் 'கஸ்டம்' அல்லது 'அட்வான்ஸ்டு' என்று ஓர் இடம் இருக்கும். பயப்படாமல் அதைத் திறக்கலாம். அங்கே நிறையப் பெட்டிகள் இருந்தாலும் நாம் பார்க்க வேண்டியவை ஐந்துதான்.

முதலாவது, ஒரு வினாடிக்கு எத்தனை பிரேம். நம் நாட்டில் 1982-இல் கலர் டி.வி. வந்தபோது பால் முறையில் வந்தது. வினாடிக்கு 25 பிரேம், 625 கோடுகள். அமெரிக்காவின் என்.டி.எஸ்.சி.யில் 525 கோடுகள், வினாடிக்கு ஏறத்தாழ 30 பிரேம். பிரான்சில் 1967-இல் தொடங்கிய செகாம் முறையில் கோடும் பிரேமும் நம்முடையதைப் போலவே; நிறத்தை அனுப்பும் விதம் மட்டும் வேறு. அதனால்தான் பிரான்சிலிருந்து வரும் உறவினர் கொண்டுவந்த கேசட்டைப் புதுச்சேரியில் போட்டால் படம் ஒழுங்காக ஓடும், ஆனால் கறுப்பு வெள்ளையாக இருக்கும். வளைகுடாவிலிருந்து வந்த வி.சி.ஆர். பெட்டிகளின் முகப்பில் மூன்று முறைகளின் பெயரும் வரிசையாக அச்சிட்டிருந்ததை நம் ஊர்க்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அந்தப் பழைய விஷயம் இன்றும் நம்மை விடவில்லை. கேசட்டிலிருந்து எடுத்த படம் 25 பிரேம். இன்றைய கைபேசியில் எடுப்பது பெரும்பாலும் 30. மென்பொருள் தானாக 30 என்று போட்டிருந்தால், 25-ஐ 30 ஆக்க வினாடிக்கு ஐந்து பிரேமை இரட்டிக்கும். ஊர்வலத்தில் நடந்து வருகிறவர்கள் வெட்டி வெட்டி நடப்பார்கள். எதில் எடுத்தோமோ அதே எண்ணை வைத்துக்கொள்வதுதான் சரி. இரண்டும் கலந்திருந்தால் எது அதிகமோ அது.

இரண்டாவது, படத்தின் அளவும் வடிவமும். பழைய கேசட்டும் டி.வி.டி.யும் 720-க்கு 576 புள்ளிகள். கல்யாண வீடுகளில் தட்டோடு கொடுத்தார்களே வி.சி.டி., அது 352-க்கு 288. கிட்டத்தட்ட கால் பங்கு. இவற்றை 4கே என்று போட்டு ஏற்றுமதி செய்தால் கோப்பு வீங்கும், படம் தெளியாது. ஆற்றில் இல்லாத தண்ணீர் கால்வாயை அகலப்படுத்தினால் வந்துவிடுமா? வடிவத்தில் இன்னும் கவனம் வேண்டும். பழைய படம் 4:3, இன்றைய டி.வி. 16:9. திரை முழுக்க நிரம்ப வேண்டுமென்று இழுத்துவிடுகிறார்கள். மதுரையில் ஒரு கடையில் கேசட்டை மாற்றக் கொடுத்தேன்; திரும்பி வந்ததில் ஒல்லியாக இருந்த என் தகப்பனார் பக்கவாட்டில் பருத்துப்போயிருந்தார். கேட்டதற்கு, "ஃபுல் ஸ்க்ரீன் சார், எல்லாரும் இப்படித்தான் கேட்கிறாங்க" என்றார் கடைக்காரர். இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை இருந்துவிட்டுப் போகட்டும். நடுவில் நிற்கிறவர் அவராகவே இருக்க வேண்டும்.

இதோடு சேர்ந்தது 'இன்டர்லேஸ்' என்ற சங்கதி. கேசட் படத்தில் வினாடிக்கு 50 அரைப் படங்கள் இருக்கின்றன. ஒற்றைக் கோடுகள் ஒரு முறை, இரட்டைக் கோடுகள் மறுமுறை என்று வரும். அதைச் சரிசெய்யாமல் கணினியில் பார்த்தால், கை அசைகிற இடத்தில் சீப்புப் பல் மாதிரி கோடுகள் தெரியும். அனுப்பும் பிரதியில் 'டீஇன்டர்லேஸ்' என்பதைப் போட்டுக்கொள்ளுங்கள். கேசட்டிலிருந்து முதன்முதலில் கணினியில் ஏற்றிய கோப்பை மட்டும் இருந்தபடியே தனியாக வைத்துவிடுங்கள். நாளைக்கு இதைவிட நல்ல வழி வரும்.

மூன்றாவது, கோடெக். படத்தைச் சுருக்கும் முறைக்கு அப்படிப் பெயர். 2003-இல் வந்த ஹெச்.264 இன்று பழைய டி.வி., புதிய கைபேசி எல்லாவற்றிலும் ஓடுகிறது. 2013-இல் வந்த ஹெச்.265 ஏறக்குறைய பாதி இடத்தில் அதே தரம் தரும். ஆனால் பழைய டி.வி.யில் ஓடாது. நம் வயதுக்காரர்கள் வீட்டுக்கு எம்பி4 கோப்பில் ஹெச்.264 போதும். மூவி மேக்கர் வைத்திருந்தவர்கள் ஒன்று கவனிக்க வேண்டும். அதில் சேமித்த 'ப்ராஜெக்ட்' கோப்பு வீடியோ ஆகாது; எந்தத் துண்டு எங்கே வருகிறது என்ற குறிப்பு மட்டும்தான் அதில் இருக்கும். மூலத் துண்டுகளை அழித்துவிட்டு அதை மட்டும் வைத்திருப்பது, தாய்ப்பத்திரத்தைத் தொலைத்துவிட்டு அட்டவணையை வைத்திருப்பதற்குச் சமம். அந்த மென்பொருளை மைக்ரோசாஃப்ட் 2017-இல் நிறுத்தியும்விட்டது.

நான்காவது, பிட்ரேட். எம்.பி.பி.எஸ். என்று போட்டிருக்கும்; டாக்டர் படிப்பு இல்லை, வினாடிக்கு எத்தனை மெகாபிட் என்று பொருள். கணக்கு சுலபம். ஒரு எம்.பி.பி.எஸ். என்றால் ஒரு மணி நேரப் படத்துக்கு 450 எம்.பி. இடம். கேசட் படத்தின் பதிவுப் பிரதிக்கு 8 போடுங்கள்; மணிக்கு 3.6 ஜி.பி. ஆகும். அதில் இன்னொரு வசதி உண்டு. பழைய டி.வி.க்களில் போடும் பென்டிரைவ் பலவும் ஃபேட்32 முறையில் இருக்கும்; அது 4 ஜி.பி.க்கு மேற்பட்ட ஒரே கோப்பை ஏற்காது. ஒரு மணி நேரத்துக்குள் துண்டு போட்டால் அதில் அடங்கிவிடும். கைபேசியில் எடுத்த 1080 அளவுப் படத்துக்கு 16. அனுப்பும் பிரதிக்கு ஒன்றரை இருந்தால் தாராளம். சில மென்பொருளில் பிட்ரேட்டுக்குப் பதில் தர எண் கேட்பார்கள். ஹேண்ட்பிரேக்கில் அப்படித்தான், எண் குறையக் குறையத் தரம் கூடும். பதிவுக்கு 18 போடலாம்.

ஐந்தாவது, ஒலி. இதில்தான் யாரும் கஞ்சத்தனம் செய்யக் கூடாது. 192 கிலோபிட் போட்டாலும் மணிக்கு 86 எம்.பி.தான். முகம் மங்கினால் புகைப்படம் இருக்கிறது. குரல் போனால் அதற்கு மாற்று எங்கே கிடைக்கும்?

இதையெல்லாம் செய்ய ஒரு பைசா செலவில்லை. இன்றைய வீட்டு மென்பொருள் பலவற்றின் உள்ளே ஓடுகிற எஃப்.எஃப்.எம்பெக் என்ற கருவியை 2000-இல் ஃபப்ரீஸ் பெல்லார் என்ற பிரெஞ்சுக்காரர் தொடங்கி இலவசமாகக் கொடுத்தார். எந்தக் கோப்பையும் திறக்கும் வி.எல்.சி., 1996-இல் பாரிஸ் எக்கோல் சந்த்ராலின் மாணவர்கள் தொடங்கிய வேலையிலிருந்து வந்தது. பிரெஞ்சு படித்தவன் என்ற முறையில் எனக்கு அதில் ஒரு சின்னப் பெருமை உண்டு; மறைப்பானேன்?

என் பேத்தி கேட்டாள்: "எல்லாம் கிளவுடில் இருக்கே தாத்தா, நீங்க ஏன் மெனக்கெடுறீங்க?" நியாயமான கேள்விதான். கிளவுடில் ஏற்றியது எந்தப் பிரதி என்று நான் திருப்பிக் கேட்டேன். வாட்ஸ்அப்பில் வந்ததைத்தான் ஏற்றியிருந்தாள். வீடியோவாக அனுப்பினால் அது சுருக்கித்தான் அனுப்பும். 'டாக்குமென்ட்' என்று இணைத்தால் 2 ஜி.பி. வரை உள்ளது உள்ளபடியே போகும். கடவுச்சொல் ஒருவருக்கு மட்டும் தெரிந்த கணக்கில், சந்தா கட்டாமல் விட்டால் என்ன ஆகும் என்பதும் இருக்கிறது. கிளவுடில் வைக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மூன்றாவது பிரதியாக வைக்கலாம்.

இன்னொரு வாதமும் கேட்டிருக்கிறேன். 'யார் பார்க்கப் போகிறார்கள்? கல்யாண வீடியோவைப் பத்து வருஷம் ஒருவரும் திறப்பதில்லை' என்பார்கள். உண்மைதான். பதிவறையில் நாற்பது வருஷம் தூங்கும் அடங்கலையும் யாரும் திறப்பதில்லை. ஒருநாள் ஒருவர் வருவார். அவருக்கு அந்த ஒரு பக்கம்தான் எல்லாம். விதைக்கென்று எடுத்துவைத்த குதிரைவாலியை எத்தனை பஞ்சத்திலும் நம் தாத்தாமார் உலையில் போடவில்லை. தினமும் அதைத் திறந்து பார்த்துக்கொண்டும் இருக்கவில்லை.

ஆகவே நான் சொல்வது இவ்வளவுதான். ஒவ்வொரு தொகுப்பையும் இரண்டு முறை ஏற்றுமதி செய்யுங்கள். பெரியதை இரண்டு ஹார்டு டிஸ்கில் போட்டு, ஒன்றை உங்கள் வீட்டிலும் மற்றதை மகள் வீட்டிலோ தம்பி வீட்டிலோ வையுங்கள். ஒரு டி.பி. டிஸ்கில் கேசட் படம் 270 மணி நேரத்துக்கு மேல் கொள்ளும்; ஒரு குடும்பத்தின் மூன்று தலைமுறைக்குக் காணும். வருஷம் ஒருமுறை, பொங்கலுக்கு வெள்ளையடிக்கும் சமயத்தில் இரண்டையும் ஓட்டிப் பாருங்கள். கோப்பின் பெயரில் வருஷம், நிகழ்ச்சி, ஊர் மூன்றும் இருக்கட்டும். கூடவே ஒரு தாளில், முன்வரிசையில் உட்கார்ந்திருப்பவர்களின் பெயர்களை இடமிருந்து வலமாக எழுதி அந்த டிஸ்கோடு வைத்துவிடுங்கள். அவர்கள் யார் என்று தெரிந்தவர்கள் இப்போது நாம்தான் மிச்சம்.