மருந்துக்கு முன் சோதனை

நூல் விலை, நெசவுக் கூலி, பயிர்க்கடன் ஆகியவற்றையே பேசி வரும் இப்பகுதியில் சிறுநீர்க் கோளாறுகளைப் பற்றி எழுதப் புகுவதைச் சில அன்பர்கள் விரும்பாமற் போகலாம். ஆயினும் இந்நோய் நம் தொழிலோடு ஒட்டியது. குழித்தறியில் காலைத் தொங்கவிட்டு அமர்ந்தவர், ஓட்டம் தடைப்படுமே என்று எழுவதில்லை; எழ வேண்டிவருமே என்று தண்ணீரும் குடிப்பதில்லை. தார் சுற்றும் பெண்களும் களையெடுக்கும் பெண்களும் மறைவிடம் இல்லாத குறையால் அந்தி வரை அடக்கி வைத்திருக்கிறார்கள். கடுப்பும் கல்லும் அவர்களைத் தேடி வருவதில் வியப்பென்ன?

வியப்பெல்லாம் அதன் பின் நடப்பதில்தான். கடுப்புக் கண்டவுடன் மருந்துக் கடைக்குச் சென்று நான்கு மாத்திரை வாங்குகிறோம். இரண்டு நாளில் எரிச்சல் தணிகிறது. எஞ்சிய மாத்திரை பிறையில் கிடக்கிறது. அடுத்த மாதம் மீண்டும் அதே கடுப்பு, அதே கடை. இவ்வாறே ஆண்டுக்கணக்கில் காலந்தள்ளுவோர் நம்மிடையே பலர். மாத்திரை தீயதென்பது நம் கட்சியன்று. எந்தக் கிருமி என்று அறியாமல், போதிய அளவுமின்றி உண்ணும் மாத்திரையால் எளிய கிருமிகள் மடிய, வலியவை தங்கிப் பெருகுகின்றன. மேலும், மாத்திரை உண்ட பின் சோதித்தால் கிருமி மறைந்து நின்று வைத்தியரையே ஏமாற்றிவிடக் கூடும். ஆகவே மீண்டும் மீண்டும் கடுப்பு வருமாயின், முதல் மாத்திரைக்கு முன்பே சிறுநீரைச் சோதிக்கக் கொடுத்தல் வேண்டும் என்பது நமது உறுதியான கருத்து.

சிறுநீர்ச் சோதனை என்பது ஒன்றன்று. மருந்து தோய்ந்த தாள் பட்டையை முக்கி நிறமாற்றம் பார்ப்பதும், உருப்பெருக்கியில் சீழணுக்களை எண்ணுவதும் சில நிமிட வேலை. பட்டை நிறம் மாறாமையால் மட்டும் கிருமி இல்லையென்று கொள்ளலாகாது. எல்லாக் கிருமிகளும் அதில் தம் அடையாளத்தைக் காட்டுவதில்லை. ஆய்வுக்கூடத்தார் ‘கல்ச்சர்’ என்று கூறும் கிருமி வளர்ப்புச் சோதனையே இன்றியமையாதது. தட்டில் ஊட்டப்பொருள் இட்டு, அதில் சிறுநீரைத் தடவிக் கதகதப்பில் வைத்தால் 24 முதல் 48 மணி நேரத்தில் கிருமி முளைத்துத் தெரியும். பின்னர் வளர்ந்த கிருமியின்மீது பல மருந்து வில்லைகளை வைக்கிறார்கள். எந்த வில்லையைச் சுற்றிப் போதிய அகலத்துக்குக் கிருமி அணுகாமல் நிற்கிறதோ, அம்மருந்து வேலை செய்யும் என்று அறியலாம். விதை முளைக்குமா என்று முன்னரே சோதித்து விதைக்கும் உழவருக்கு இதன் அருமையை நாம் விளக்க வேண்டியதில்லை.

முடிவைப் படிப்பதிலும் ஒரு நுட்பம் உண்டு. ஒரு மில்லிலிட்டருக்கு 1,00,000 கிருமி இருந்தாலே நோய் என்ற அளவு, 1956-இல் எட்வர்ட் காஸ் என்ற அமெரிக்க வைத்தியரின் ஆய்வினால் நிலைபெற்றது. 1982-இல் வால்ட்டர் ஸ்டாம் குழுவினர், கடுப்புடன் வரும் பெண்களிடம் 100 கிருமி இருப்பினும் அது நோயாகலாம் என்று காட்டினர். ஆதலின் ‘ஒன்றுமில்லை’ என்று தாளில் வந்தும் துன்பம் தீராதிருக்குமாயின், அத்தாளோடு வைத்தியரிடம் திரும்பச் செல்லத் தயங்குதல் கூடாது. பெண் சொல்லும் வலியை மனக்கலக்கம் என்று தள்ளிவிடும் வழக்கத்தை நாம் வன்மையாகக் கண்டிக்கிறோம்.

சீழணு மிகுந்திருந்தும் வழக்கமான தட்டில் கிருமி முளைக்கவில்லையெனில் காசநோய் சிறுநீரகத்தைப் பற்றியிருக்கிறதா என்று பார்த்தல் வேண்டும். அதற்கு வெவ்வேறு நாட்களின் விடியற்காலைச் சிறுநீர் தேவை. அடிக்கடி நீர் பிரிந்தால் இரத்தச் சர்க்கரையையும் பார்த்துவிடுவது நலம். முதியவருக்கு நீர் தடைப்பட்டுச் சொட்டினால், பையில் மிஞ்சி நிற்கும் அளவை ஸ்கேன் காட்டும்; நீர் பாயும் வேகத்தை அளக்கும் கருவியும் உண்டு. வயதானால் அப்படித்தான் என்று கூறி வாளாவிருப்பது அறியாமை.

சாயப்பட்டறை அங்கத்தினர்களிடம் தனியே ஒன்று சொல்ல வேண்டும். வலியே இல்லாமல் சிறுநீரில் இரத்தம் ஒருமுறை கண்டு மறைந்தாலும் அதைச் சூடு என்று விட்டுவிடலாகாது. 1895-இல் பிராங்பர்ட் நகரத்து அறுவை வைத்தியர் லுட்விக் ரேன், சாய ஆலைத் தொழிலாளரிடம் மூத்திரப்பைக் கட்டி தோன்றுவதை எடுத்துக்காட்டினார். பென்சிடின், பீட்டா நாப்தைலமின் முதலிய பொருள்களே காரணமென்று பிற்காலத்தில் தெளிவாயிற்று. நம் நாட்டில் பென்சிடின் சார்ந்த சாயங்கள் 1990-களில் தடை செய்யப்பட்டன. ஆனால் இந்நோய் 20, 30 ஆண்டுகள் கழித்தும் தலைகாட்டும். அக்காலத்தில் வெறுங்கையால் சாயம் கலந்தவர்கள் இன்று முதியோர். பீடி, சிகரெட் பிடிப்போருக்கும் இதே அபாயம் உண்டு. இவர்களுக்கு இரத்தம் கண்டால் குழாய்க் கண்ணாடி கொண்டு பையின் உள்ளே பார்க்கும் சோதனையும் வேண்டியிருக்கும். அது சிறிது சங்கடமானதுதான். ஆயின் சில நிமிடங்களில் முடிவது.

இவையெல்லாம் பணம் பறிக்கும் வழி என்பாரும் உளர். சிறுநீரைப் பார்த்து நோயறிவது நமக்குப் புதிதன்று. சிறுநீரில் நல்லெண்ணெய்த் துளி விட்டு அது பாம்புபோல் நீள்கிறதா, மோதிரம்போல் வளைகிறதா, முத்துப்போல் நிற்கிறதா என்று பார்க்கும் நெய்க்குறி சித்த வைத்தியத்தில் உண்டு. ஆயினும் அன்னார் குறையில் ஓரளவு உண்மை உண்டென்பதை மறைக்க வேண்டியதில்லை. எந்தத் துன்பமும் இல்லாதவரிடம் கிருமியைத் தேடிப் பிடித்து மருந்து கொடுப்பது, கர்ப்பிணிகளுக்கும் சிறுநீர்ப் பாதையில் அறுவைச் சிகிச்சை பெற இருப்போருக்கும் தவிர, பெரும்பாலும் வேண்டாத செலவே.

சங்கங்கள் செய்யத்தக்கவை இரண்டு. ஒவ்வொரு தறிக்கூடத்திலும் பெண்களுக்குத் தாழ்ப்பாளும் தண்ணீரும் உள்ள கழிப்பிடம் வேண்டும்; ‘அடுத்த ஆண்டு பார்க்கலாம்’ என்ற பதிலை அங்கத்தினர்கள் இனி ஏற்க வேண்டாம். சோதனைக்குச் சென்று ஒரு நாள் கூலி இழப்பவருக்குப் பொது நல நிதியிலிருந்து உதவ விதி இடந்தருமா என்று நிர்வாகக் குழுவினர் ஆராய்தல் வேண்டும். இவ்விரண்டையும் வரும் மகாசபையின் நிகழ்ச்சி நிரலில் சேர்க்கும்படி எழுத்து மூலம் கேட்குமாறு அங்கத்தினர்களை வேண்டுகிறோம்.

சோதனைக்குச் செல்வோர் ஆய்வுக்கூடம் தரும் தூய புட்டியையே பயன்படுத்துக. கழுவிக்கொண்டு, முதலில் வருவதை விட்டு, நடுவில் வரும் நீரைப் பிடித்து, இரண்டு மணி நேரத்துக்குள் ஒப்படைத்தல் வேண்டும். வெயிலில் பேருந்தில் அரை நாள் சுமந்து வந்த புட்டியில் வழியில் வளர்ந்த கிருமியும் சேர்ந்து கணக்காகிவிடும். ஆகையால் தொலைவில் உள்ளோர் ஆய்வுக்கூடத்திலேயே பிடித்துக் கொடுப்பது நன்று.