ஏப்ரல் 4 எந்த முத்திரையில் வருகிறது?

பூனாகலைப் பக்கம் உபவாச ஜெபம் நடத்த வந்த பாஸ்டர் ஒருவர் போன கிழமையும் அதையே சொல்லிவிட்டுப் போனார். விசுவாசிகள் படுகிற பாடெல்லாம் கடைசிக்கால அடையாளமாம். மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்ததும் அப்படித்தானாம், மலை சரிவதும் அப்படித்தானாம். சனம் ஸ்தோத்திரம் சொன்னது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

எந்த அடையாளம் ஐயா? குண்டு வெடித்தது 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. தேவாலயங்கள் குறி என்று இந்திய உளவுத்துறையின் எச்சரிக்கை கொழும்புக்கு வந்தது ஏப்ரல் 4. இடையில் 17 நாள். ஏழு தூதர்களும் எக்காளம் ஊத வேண்டியிருக்கவில்லை. பொறுப்பில் இருந்தவர்கள் தங்கள் வேலையைப் பார்த்திருந்தால் போதும். ஞாயிறு பள்ளிக்கு வந்து முற்றத்தில் நின்ற பிள்ளைகள் வீடு திரும்பியிருப்பார்கள்.

உறவுகளைப் பறிகொடுத்தவர்கள் இதைத் தீர்க்கதரிசனம் என்று விட்டுவிடவில்லை, வழக்குப் போட்டார்கள். முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபாய் நட்டஈடு கட்ட வேண்டும் என்று 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நீதிமன்றம் ஏப்ரல் 4ஐப் பார்த்தது. அந்திக்கிறிஸ்துவுக்கு அழைப்பாணை அனுப்பவில்லை. பாஸ்டர் கவனிக்கவும்.

மலைக் கதையும் இதேதான். மீரியபெத்தைத் தோட்ட லயங்கள் 2014 ஒக்டோபர் 29இல் மண்சரிவில் மண்ணுக்குள் போயின. அங்கே குடியிருப்பது ஆபத்து என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் சொல்லியிருந்தது. அதுவும் ஒரு ஏப்ரல் 4தான். சபையா கோயிலா என்று பார்த்தா அந்த மண் இறங்கியது? தப்பி வந்தவர்கள் பூனாகலைப் பாடசாலையில் அடைந்து கிடந்தார்கள். 2023 மார்ச்சில் நம் கபரகலை லயங்களும் சரிந்தன.

கிறிஸ்துவின் ஆயிரவருட அரசாட்சிக்குக் காத்திருக்கச் சொல்கிறார்கள் இந்தப் பாஸ்டர்கள். ஆயிரம் ரூபாய் நாட்சம்பளத்துக்கே 2021 வரை காத்துக் கிடந்த சனம் இது. பொறுமையைப் பற்றி எங்களுக்கு யாரும் பிரசங்கம் பண்ண வேண்டாம். கொழுந்து பறித்த காசில் தசமபாகம் கேட்கத் தெரிகிறது. அந்தக் காசைத் தந்தவளுக்குக் காணி உறுதி எங்கே என்று கேட்க மட்டும் வாய் வருவதில்லை.

இந்தக் கடைசிக்காலப் பேச்சு யாருக்கு வசதி? எச்சரிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தவனுக்கு. அதிகாரிக்கு, தோட்டக் கம்பனிக்கு, மந்திரிக்கு. பழியைத் தூக்கிக் கடவுள் தலையில் போட்டுவிட்டால் மந்திரியிடம் எவன் கேள்வி கேட்பான்?