பொம்மையின் பயணம்!

அமெரிக்காவில் 2000-ம் ஆண்டு மே மாதம் பிறந்த விளையாட்டு, "ஜியோகேச்சிங்". ஒருவர் ஒளித்து வைக்கும் டப்பாவை, செயற்கைக்கோள் உதவியுடன் மற்றவர் தேடிப் பிடிப்பார்.

சில டப்பாக்களில் எண் பொறித்த தகடு கட்டிய பொம்மை இருக்கும். எடுத்தவர் அதை வேறொரு டப்பாவில் சேர்க்க வேண்டும். அது போகும் வழியை, அனுப்பியவர் இணையத்தில் பார்க்கலாம்.

பொம்மைக்கு என்ன லட்சியம் வைப்பது?

"உலகைச் சுற்றி வா!" என்றால், எடுத்தவர் திகைப்பார். பொம்மை அவர் வீட்டிலேயே தூங்கும். அனுப்பிய சிறுவன் ஏமாறுவான்.

2013-ல் ஒரு தகடு விண்வெளி நிலையத்துக்கே போனது. எல்லாத் தகட்டுக்கும் ராக்கெட் கிடைக்குமா?

"பத்துப் பாலங்களைப் பார்க்க ஆசை" என்று எழுதலாம். ஒரு பாலத்தை யாரும் காட்டுவார்கள்.

முன்பின் தெரியாதவரிடம் உதவி கேட்கிறோம். அவரால் முடிந்ததையே கேட்பதுதான் அழகு!